பதினைந்து நாள் மாத்திரை

முதலில் மாறியது சாக்பீஸின் ஓசைதான். இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய ஓசை. அன்று காலை அது பல்லின் வேருக்குள் இறங்கியது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாக்கில் இரும்புச் சுவை. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதியிலேயே அவர்கள் குரல் எங்கோ தூரத்துக்குப் போயிற்று.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது. சேலை நனைந்திருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. என்னைப் பார்த்து பயந்து ஓடியிருந்தார்கள்.

ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இதே மலையில் சாமை விதைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அப்படி விழுவதற்கு ஆறு வருடம் முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. பதினைந்து நாளுக்கு மட்டும் என்று ஒரு சின்ன மாத்திரை எழுதித் தந்தார்கள். பதினாறாம் நாள் விழித்தே கிடந்தேன். மறுநாள் பஸ் பிடித்துப் போளூர் போய், மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினேன். அப்படியே ஆறு வருடம் போயிற்று. ஒன்று இரண்டாயிற்று.

அந்த மருந்துக்கடை கைமாறியது. புதிதாக வந்த பாய் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரொம்பப் பழசுங்க டீச்சர். டாக்டரைப் பார்த்து புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. கெடுதல்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மாத்திரை இல்லாமல் இருக்க முடியாதவளா நான் என்று வீம்போடு மலை ஏறினேன். நான்காம் நாள்தான் வகுப்பில் விழுந்தேன்.

பிள்ளைகள் சொல்லிச் சாமைக் கொல்லையிலிருந்து ஓடி வந்த என் கணவர் குப்புசாமி தலையை மடியில் ஏந்திக்கொண்டார்.

"இன்னா ஆச்சு? எதையாவது பார்த்து பயந்துட்டியா?"

"மாத்திரை தீர்ந்துபோச்சு."

"இன்னா மாத்திரை?"

ஆறு வருடமும் அவருக்குத் தெரியாது.

வேலூரில் ஒரு பெண் மருத்துவர் நிதானமாக விளக்கினார். மூளையில் காபா (நரம்புகளின் பரபரப்பை அடக்கும் வேதிப்பொருள்) என்று ஒன்று இருக்கிறது. அது போய்ப் பொருந்தும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். என் மாத்திரை அதே ஏற்பியில் இன்னொரு பக்கம் உட்கார்ந்து, காபாவின் வேலையைக் கூட்டிக்கொடுக்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை அதற்கேற்ப மாறிவிடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடக்க ஆளிருக்காது. அதனால்தான் வலிப்பு.

அதே மாத்திரையை மீண்டும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்றார்.

மூன்றாம் மாதம் தாங்க முடியவில்லை. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. எதிரில் வரும் பஸ் என் மேலேயே ஏறும் என்று நிச்சயமாகத் தோன்றியது. குறுக்கு வழி தேடிக் கைப்பேசியைத் துழாவினேன். பார்ஷியல் அகனிஸ்ட் (ஏற்பியில் உட்கார்ந்து பாதி வேலை மட்டும் செய்யும் மருந்து) என்ற பெயர் கிடைத்தது. பாதி வேலை என்றால் பாதிக் கெடுதல்தானே என்று நினைத்தேன். கூரியரில் ஒரு வெள்ளைப் பொடி வந்தது. உறைமேல் மருந்தின் பெயரும், கீழே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தது. பள்ளி அலமாரியில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால் வைத்தேன். தினமும் மதியம் எடுத்துப் பார்ப்பேன். பிரிக்கக் கை வரவில்லை.

அடுத்த முறை வேலூர் போனபோது அதை மருத்துவரின் மேசையில் வைத்தேன். அவர் முகம் மாறியது.

"இதைச் சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. பாதிதானே வேலை செய்யும், நல்லதுதானேங்க?"

"புதுசா சாப்பிடுறவங்களுக்கு அது நல்லதா இருக்கலாம். அதுவே இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. உங்க மூளை முழு வேலைக்குப் பழகினது. இந்த மருந்து உங்க மாத்திரையை அது உக்காந்திருக்கிற இடத்துலேருந்து எழுப்பி விட்டுட்டு, அங்க இது உக்காந்துக்கும். அப்புறம் பாதிதான் வேலை செய்யும். மாசக்கணக்குல குறைக்க வேண்டியது ஒரே நாள்ல குறைஞ்சிடும். மறுபடியும் வலிப்பு வரும். இந்தத் தடவை எழுந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் உறைமேல எழுதியிருக்கிறதுதான் உள்ளே இருக்குன்னா."

வெளியே வராந்தாவில், கூட வந்திருந்த குப்புசாமி என் கைப்பையை வாங்கித் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இன்னும் இன்னாத்தை மறைச்சு வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

அவர் நம்பவில்லை. நம்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. அன்று முதல் மாத்திரை அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. மருத்துவர் சொன்னபடி பிளேடால் கீறி, அரையாக, காலாக அவரே தந்தார். சில நாள் இன்னும் கொஞ்சம் கேட்டு அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஒருநாள் நகம் பட்டு ரத்தம் வந்தது. அவர் தரவில்லை.

பதினான்கு மாதத்தில் மாத்திரை முழுதாக நின்றது. இதைப் படிக்கும் நீங்களும் இப்படித் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்திவிடாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

இப்போது தூங்குகிறேன், துண்டு துண்டாக. இடது இமை மட்டும் அவ்வப்போது தானாகத் துடிக்கும். துடிப்பு நிற்கும்வரை எதையாவது பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பேன். என் உடம்பு எனக்கு முன்பே எதையோ கேட்டுவிட்டது போலிருக்கும்.

போன வாரம் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உயர்நிலைப் பள்ளிச் சீருடை.

"டீச்சர், என்னைத் தெரியலையா? மூணாவது உங்ககிட்டதான் படிச்சேன். கால்ல முள்ளு குத்தினப்ப நீங்கதான என்னைத் தூக்கினு வூட்டுக்குப் போய் விட்டீங்க."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். நான் மாத்திரை சாப்பிட்ட வருடங்களில் படித்தவள். பெயர் வரவில்லை. முள் வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த அந்த வழியும் வரவில்லை.

"தெரியாம இன்னா?" என்றேன்.

அவள் சிரித்தபடி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.