கருப்பட்டிக் கடையில் ஒரு டிரெஸ்ஸிங் ரூம்

போன ஞாயிற்றுக்கிழமை திசையன்விளைக்குப் போயிருந்தேன், பிள்ளைகளே. என் மகள் ரிஸ்வானா கேப்டனாக ஆடும் முதல் கபடிப் போட்டி. மேலப்பாளையத்திலிருந்து வேன் பிடித்து, அவள் டீமோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

மைதானம் இருந்தது. மைக் இருந்தது. விருந்தினர் உட்கார சோபாகூட இருந்தது. பெண் பிள்ளைகள் ஜெர்ஸி மாற்ற இடம்தான் இல்லை.

"வேனுக்குள்ள மாத்திக்கிட வேண்டியதுதான" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். சுற்றிலும் கண்ணாடி வைத்த வேனிலா?

எதிரே கருப்பட்டிக் கடை அண்ணாச்சி காதில் இது விழுந்துவிட்டது. "நம்ம குடோன் சும்மாதான கெடக்கு. இங்கன வாங்கம்மா" என்றார். அவர் வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி வேறு வந்து சேர்ந்தது.

டிரெஸ்ஸிங் ரூம் என்றால் உடுப்பு மாற்றும் அறை. அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்...

முதல் பாதியில் ரிஸ்வானா போன ரெய்டெல்லாம் அவுட். "கேப்டன மாத்துங்கலே" என்று கூட்டத்தில் ஒரு குரல். இடைவேளை விசில் ஊதியதும் தலையைக் குனிந்தபடி குடோனுக்குள் போனாள். பின்னாலேயே டீமும் போனது. உள்ளே விசும்பல் சத்தம்.

பெற்ற மனசு கேட்குமா? நாலு வார்த்தை சொல்லலாமென்று ஓடினேன். வாசலில் ஸ்டூல் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறீரு பாய்?"

"எம் மவ அழுவுதா அண்ணாச்சி."

"அழட்டும். அதுக்கும் சேத்துத்தான ரூம் குடுத்திருக்கேன். வெளிய அழுதா ஊரே பாக்கும்லா?"

"நான் அவ வாப்பால்லா."

"அது வீட்டுல வே. இங்கன அவ கேப்டன்." கருப்பட்டிக்கு எறும்பு வராமலிருக்க வாசல்படியில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டினார். "இதத் தாண்டினா நீரு அவுட்டு."

நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கியது. யாரோ என்னவோ சொன்னார்கள். அப்புறம் சிரிப்பு — எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு. வெளியே வந்தவளின் கடைவாயில் கருப்பட்டி. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். போன முதல் ரெய்டிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கடைசியில் ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

அப்படியானால் அந்த அறையில் மாறியது உடுப்பு மட்டுமா? பயத்தையும் அங்கேதானே கழற்றிப் போட்டிருக்கிறாள். அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடியும் கேப்டனாகி வெளியே வர ஓர் இடம் — யாரும் எட்டிப் பார்க்காத இடம். உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்தானே? எங்களை மாதிரி வாப்பாக்கள்தான் எட்டி எட்டிப் பார்க்கிறோம்.

திரும்பும்போது வேனில் பையக் கேட்டேன். "உள்ள அப்படி என்னத்தம்மா பேசுனீங்க?"

"கோட்டத் தாண்டாதீங்க வாப்பா" என்றாள்.

இன்றுவரை தாண்டவில்லை.