சொந்தப் பிள்ளைகள் மேடைக்கு வரவும்

ஐம்பத்திரண்டு வயதில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், என் மனைவியை அவளுடைய குடும்பத்திலிருந்து நானே கழித்துவிட்டேன். அதுவும் மைக்கில். பகிடி விடுவதாக நினைத்துக்கொண்டு.

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் ஆட்களுடைய முதல்நன்மை, பிறந்தநாள், கல்யாணம் எதுவென்றாலும் மைக் என் கைக்குத்தான் வரும். வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிறவன் நான். கோப்பைகள் சிரிப்பதில்லை. மனிதர்கள் அகப்பட்டால் விடமாட்டேன். அன்று மாதா கோயில் மண்டபத்தில் என் மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள்.

மாமி மன்னாரிலிருந்து கணவனை இழந்து, இரண்டு ஆண் பிள்ளைகளோடு வந்தவர். எங்கள் பெண்கள் எல்லாரும் சின்யோராக்கள் எனும் இத்தாலிய வீட்டுக்காரிகளின் வீடு துடைக்கப் போன காலத்தில், அவர் மட்டும் நகரத்துக்கு வெளியே சியாகுல்லிக்குப் போய் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். "இத்தாலிக்கு வந்தும் மண்வெட்டியோ?" என்று சனம் சிரித்தது. சில வருடங்களில், பற்றை மண்டிக் கிடந்த ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். எங்கள் ஆட்களில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். சிரித்தவர்களில் பாதிப்பேர் பிறகு அவரிடமே கூலிக்குப் பழம் வெட்டிப் பறிக்கப் போனார்கள்.

அங்கே வேலைக்கு வந்தவர்தான் என் மாமனார். அவரும் மனைவியை இழந்தவர். கையில் ஒன்பது வயது மகள். அந்த மகள்தான் என் மனைவி. மாமியும் அவரும் கல்யாணம் செய்த பிறகு ஒரு பெண் பிறந்தாள். ஆக நாலு பிள்ளைகள், மூன்று வகை. அந்த வீட்டில் யாரும் இப்படி வகை பிரித்து நான் கேட்டதில்லை. மாமனார் இப்போது இல்லை. தை, மாசியில் பிந்திப் பழுக்கும் மண்டரின் வெட்டும் காலம் வந்தால், வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுகிறவள் என் மனைவிதான். ஆனால் ஒன்பது வயதில் யாரோ சொல்லிக்கொடுத்தபடி இன்றைக்கும் மாமியைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். என் மூளை அதைத்தான் பிடித்துக்கொண்டது.

கேக் வெட்டி முடிந்ததும் படம் எடுக்கிறவர் அவசரப்படுத்தினார்: "அண்ணை, ஒழுங்கா ஒவ்வொரு குடும்பமாக் கூப்பிடுங்கோ."

நான் தொண்டையைச் செருமினேன். "முதலில் அம்மாவின் சொந்தப் பிள்ளைகள் மூவரும் குடும்பத்தோடு மேடைக்கு வரவும். மாமா கொண்டுவந்த சீதனமாகிய நாங்கள் கடைசியில் வருவோம்!"

நல்ல சிரிப்பு எழும்பியது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அதற்குள் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் ஒன்றாக மேடையில் ஏறிவிட்டார்கள். வரிசை ஒழுங்காக இருக்கவேண்டும் என்று, என் மகளை மட்டும் இறங்கச் சொன்னேன்.

"பெர்கே, பப்பா? ஏன்?" என்றாள்.

அவளுக்குப் பின்னால், சேலையைச் சரிசெய்துகொண்டு முதல் படியில் கால் வைத்திருந்த என் மனைவி, காலை எடுத்தாள். சமையலறைக்குப் போனவள் பிறகு வரவேயில்லை. எங்கள் முறை வந்தபோது நானும் மகளும் மாமிக்கு இரண்டு பக்கமும், தேர்தலில் தோற்றவர்கள் மாதிரி நின்று படம் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து சமாளித்துப் பார்த்தேன். "நீர்தானே சின்னம்மா எண்டு கூப்பிடுறனீர்?"

"நான் கூப்பிடுறது வீட்டுக்குள்ளை. நீங்கள் சொன்னது ஊருக்கு முன்னாலை."

திங்கட்கிழமை அவள் தோட்டத்துக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. "சொந்தப் பிள்ளையள் போய் வெட்டட்டும்," என்று கத்தரிக்காயைப் பொரித்துக்கொண்டு சொன்னாள். அவள் கோபம் எனக்குப் பழக்கம். இது வேறு. ஒன்பது வயதிலிருந்து அவள் ஒளித்துவைத்திருந்த ஒரு பயத்தை நான் மைக்கில் வாசித்துவிட்டேன். அவள் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

புதன் எனக்கு லீவு. மத்தியானம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமி. சியாகுல்லியிலிருந்து பஸ் மாறி, பிரான்காச்சோவில் எங்கள் நாலாம் மாடிக்கு லிப்ட் இல்லாமல் ஏறி வந்திருந்தார். சப்பாத்தில் தோட்டத்து மண். என்னைப் பார்க்காமல் நேரே என் மனைவி சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குப் போனார்.

"பிள்ளை, காய்ச்சலோ?"

"இல்லை, சின்னம்மா."

"அப்ப ஏன் வரேல்லை?"

"உங்களுக்குச் சொந்தப் பிள்ளையள் மூண்டு பேர் இருக்கினம்தானே."

மாமி கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "மூத்தவன் வந்தவன். காம்பை நீட்டா விட்டு வெட்டினான், காம்பு குத்தி ஒரு பெட்டிப் பழமும் பழுதாப் போச்சு. சின்னவள் போனோடை நிண்டாள்."

"அதைச் சொல்லவோ வந்தனீங்கள்?"

"அதுக்கெண்டா போன் எடுத்திருப்பன்." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீ படியிலையிருந்து இறங்கினதை நான் கண்டனான். எழும்பி வந்து உன்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருக்கோணும். சபைக்கு வெக்கப்பட்டு இருந்திட்டன். அது என்ரை பிழை. பிழையைப் போனிலை சொல்லேலாது."

என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி, எரியாத அடுப்பை அணைத்தாள். "தேத்தண்ணி போடட்டோ?"

"போடு. குடிச்சிட்டு வெளிக்கிடு. வெளிச்சம் இருக்கேக்கை ரண்டு மரத்துப் பழமாவது வெட்டலாம்."

அவள் உள்ளே போய்ச் சப்பாத்துத் தேடும் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் எனக்கு வாயும் வந்துவிடும்.

"மாமி, எண்பதாவது பிறந்தநாளுக்கு வரிசையைச் சரியாக் கூப்பிடுறன்," என்றேன்.

மாமி அப்போதுதான் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அவள் என்ரை பிள்ளை இல்லையெண்டா, நீங்கள் எனக்கு ஆர், தம்பி? மைக் பிடிக்க வந்த ஆள்."