மூன்று மணிக்கு நிற்கும் கணினி

செய்தி வந்தபோது நான் அச்சுப்பொறியில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து ரூத் பேசினார். திருமதி எஸ்தர் ஞானமணியின் மகள். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்க." பிறகு, "அடக்க அறிவிப்ப நம்ம கடையிலயே அடிக்கணும்னு அப்பா சொல்றாரு. முடியுமா அங்கிள்?" என்று கேட்டார். முடியும் என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்கடையில் எங்கள் கணினியின் முன் அமர்ந்து அதைக் கோத்து முடித்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. அந்தக் கடையில் மூன்று மணி என்பதற்கு என்ன பொருள் என்று உங்களில் சிலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மிஸஸ் ஞானம் என்று நான் அழைத்த எஸ்தரும் நானும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள். அவர் தட்டச்சர், நான் பத்திரங்களைச் சரிபார்ப்பவன். ஆட்குறைப்பில் ஒரே வாரத்தில் வெளியேறினோம். திருமண அழைப்பிதழ், கோயில் மலர், சபைப் பாட்டுத்தாள் ஆகியவற்றைத் தமிழில் கோத்துத் தரும் கடை வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. இருவருக்கும் வேறு வருமானம் இல்லை. வாங்கப்போகும் ஒரே கணினி காலை வாரினால் கடையும் இல்லை.

ஆகவே கணினி வாங்கும் நாளில் நான் ஒரு சஞ்சிகையின் ஒப்பீட்டு அட்டவணையை மடித்து எடுத்துச் சென்றேன். கோலாலம்பூர் வணிக வளாகத்தில் ஒரு சீனக் கடைக்காரர் இரண்டு கணினிகளைக் காட்டினார். ஒன்றில் புதிய தலைமுறைச் செயலி. மற்றதில் அதற்கு முந்தையது, நூறு மெகாஹெர்ட்ஸ். புதியதை வாங்கினால் நல்ல அச்சுப்பொறி வாங்க இயலாது. "இது லாஜு, ஆன்டி. அது லம்பாட்," என்றார் அவர். புதியது விரைவு, பழையது மந்தம் என்பது மலாய் அறிந்த எவருக்கும் புரியும். மிஸஸ் ஞானம் தலையாட்டவில்லை. "எதுல லாஜு?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை ஓட்டிக் காட்டினார். "நான் கார் ஓட்டப் போறதில்ல லா, பாஸ்," என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தார். அதில் வேறொருவர் கணினியில் நாங்கள் கோத்திருந்த ஓர் அழைப்பிதழ்ப் பக்கம் இருந்தது. கொடிகளும் மயில்களும் நான்கு வகைத் தமிழ் எழுத்துருக்களும் கொண்டது. இரண்டு கணினிகளிலும் அதைத் திறக்கச் செய்தார். வேறுபாடு சிறிது. பழையதில் நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தபோது அந்த வேறுபாடும் ஏறக்குறைய மறைந்தது. பழைய செயலி, கூடுதல் நினைவகம், நல்ல அச்சுப்பொறி என்று முடிவாயிற்று. என் அட்டவணையும் தவறில்லை. எங்கள் பக்கம் மட்டும் அதில் இல்லை.

இரண்டாம் வாரமே கணினி நிற்கத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். பிற்பகல் மூன்று மணியளவில் திரை அப்படியே உறையும். குளிரூட்டி வைக்க எங்களிடம் வசதியில்லை. நூறு என்று விற்றால் நூறில் ஓட வேண்டும், உத்தரவாதத்தின்படி திருப்பிக் கொடுப்போம் என்றேன். அவர் கணவர் தாவீது போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். "நூறுல போற லோரி மல ஏறும்போதும் நூறுலயா போவுது? அவரு கியர எறக்குறாரு. இதுக்கு கியர் இருக்கா பாருங்க, மிஸ்டர் நாதன்," என்றார் மிஸஸ் ஞானம்.

கையேட்டை வாசித்தேன், இருந்தது. மதர்போர்டில் செருகிய ஜம்பர் என்னும் சிறு தொப்பியை இடம் மாற்றினால் செயலி எழுபத்தைந்தில் ஓடும், சூடும் குறையும். மின்னழுத்த ஜம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று நான் விதித்தேன். சூட்டை அளக்க வீட்டிலிருந்து காய்ச்சல்மானியை எடுத்து வந்ததும் நானே. பாதரசம் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. "காய்ச்சல் மிஞ்சிப் போச்சு. மாத்திர குடுப்போமா?" என்றார். அன்றிலிருந்து மதிய உணவு முடிந்ததும் கணினியை நிறுத்தி, புருவம் திருத்தும் இடுக்கியால் ஜம்பரை மாற்றுவார். காலையில் நூறு, பிற்பகலில் எழுபத்தைந்து.

ஒரு விஜயதசமி நாளில் அதுவும் போதவில்லை. கிள்ளான் கோயில் ஒன்றின் கந்தசஷ்டி மலர் அன்று மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. முதல் நாள் சரஸ்வதி பூஜைக்கு நான் கணினிக்குச் சந்தனமிட்டு மாலை சாத்தியிருந்தேன். மெதடிஸ்டான அவர் மறுக்கவில்லை. அருகில் நின்று ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மூன்று மணிக்கு முன்பே திரை உறைந்தது. மீண்டும் இயக்கினால் மீண்டும் உறைந்தது. கோயில் செயலாளர் நாற்காலியின் நுனியில் இருந்தார். "என்னம்மா, முடியுமா முடியாதா? கேஎல்ல வேற கடையே இல்லியா?"

"இருக்கு அண்ணே. அங்க டீ கெடைக்காது. ஒக்காருங்க," என்றபடி மிஸஸ் ஞானம் கணினிக்குப் பின்னால் கையை விட்டார். "மிஸ்டர் நாதன், பூவு வெந்து போச்சு." மாலை, காற்று வெளியேறும் துளைகளை மூடியிருந்தது. அந்தி சாயும்வரை அதை எடுக்கலாகாது, அது முறையல்ல என்றேன். அவர் யோசித்தார். "எடுக்கக் கூடாதா, எடம் மாத்தக் கூடாதா? மானிட்டரும் ஆயுதம்தானே?" செயலாளர் முதன்முறையாகச் சிரித்தார். மாலை மானிட்டருக்கு மாறியது.

பெட்டி ஆறுவதற்கு நேரமில்லை. ஜம்பரை இன்னும் இறக்கி ஐம்பதில் வைத்தார். பாதி வேகம், இரட்டிப்பு நேரம், வேலை முடியாது என்று நான் கணக்குச் சொன்னேன். முடிந்தது. விளக்கு வைப்பதற்குள் கடைசிப் பக்கமும் வெளியே வந்தது. "நம்ம வெரலுதான் லம்பாட்," என்றார். "அது பாவம், இவ்வளவு நாளும் நமக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு." அடுத்த ஆண்டு மலரும் எங்களுக்கே வந்தது.

ஆனால் அவருக்கு ஒரு கேள்வி தீரவில்லை. "நம்ம ஊருல வெயிலு ஒரு மணிக்குத்தானே உச்சி? இது ஏன் மூணு மணிக்கு நிக்குது?" பல நாள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் இருந்தது மேற்குச் சுவர். வெயில் அதில் ஊறி வெளிப்பட அவ்வளவு நேரமாகிறது என்பது அவர் ஊகம். மேசையைக் கிழக்கே நகர்த்திப் பார்க்க விரும்பினார். மின்செருகி மேற்கில் மட்டுமே இருந்தது. படிக்கட்டு வாசலின் குறுக்கே மின்கம்பி இழுக்க நான் சம்மதிக்கவில்லை. அந்த விதி சரியென்றே இன்றும் கருதுகிறேன். சுவரைத் துளைக்கக் கட்டட உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருந்தோம். இதயநோயால் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அவர் என்னிடம் கேட்டது, "ப்ளக்கு என்னாச்சு?" என்பதே.

அனுமதி அடக்கத்துக்குப் பிறகு வந்தது. சென்ற வாரம் கிழக்கில் மின்செருகி பொருத்தி, மேசையை நகர்த்தினேன். காலையில் நூறில் வைத்தேன். உணவுக்குப் பின்னும் தொடவில்லை. மயில்களும் கொடிகளும் கொண்ட அந்தப் பழைய பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக அமர்ந்திருந்தேன். மூன்று மணி கடந்தது. நான்கும் கடந்தது. எழுந்து மேற்குச் சுவரில் கை வைத்தேன், சுட்டது.

அவருடைய இடுக்கி என் மேசையில் இருக்கிறது. எவரேனும் ஒன்றை விரைவு என்றால், எதில் என்று கேட்கும் பழக்கமும் என்னிடம் தங்கிவிட்டது. அன்று மாலை கிள்ளான் தொலைபேசி எண்ணைப் பாதிவரை அழுத்திய பிறகே நிறுத்தினேன். விடையை அவரிடம் சொல்ல வழியில்லை. அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். சுவர்தான் காரணம்.