கொல்லனிடம் சொல்லிக்கொண்டு போனவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியிலிருந்து பேசிப் பேசியே அமைதிப்படுத்திவிடுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாயில் பூட்டு. மீதிப் பேச்சையெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு எழுதி வைத்துவிட்டார்.

வாளும் மந்திரமும் பூதமுமாக ஒரு கற்பனை ராஜ்யம். நாம் அதில் நாடோடி வீரன். வந்த காலத்திலேயே ஒருவரும் சீண்டாத விளையாட்டு. காரணம், அதன் கெடுபிடி. யாரிடம் பேசினாலும் வார்த்தைகளை நாமே தட்ட வேண்டும். கிளம்பும்போது சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அவர்கள் பதில் சொல்லும்வரை நிற்கவும் வேண்டும். சும்மா போய்விட்டால் அடுத்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பூதத்தை வெட்ட வந்தவனுக்கு இந்த மரியாதையெல்லாம் எதற்கு என்று எல்லோரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. அதில் வரும் கொல்லனிடம் அத்தனை பவ்யமாக விடைபெறுவார். காலையில் வேலைக்குப் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. கதவு சாத்தும் சத்தத்தை வைத்துத்தான் ஆள் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருத்தி பூனைப் படம், ஆப்பிள் படம் என்று காட்டிச் சொல்லச் சொன்னாள். இவர் அட்டைகளைத் தட்டிவிட்டார். இனி இந்த மனிதர் வாயே திறக்க மாட்டாரோ என்று பயந்துபோனேன்.

வேறு வழி தெரியாமல், அவர் படுத்ததும் பரணில் ஏற்றிவிட்ட கம்ப்யூட்டரை இறக்கி அந்த விளையாட்டைத் திறந்தேன். "நீங்க காட்டுங்க, நான் தட்டறேன்" என்றேன். அவர் விரலால் காட்ட, நான் கொல்லனிடம் ஒரு வாள் வாங்கினேன். அதற்குள் அடுப்பில் பால் தீயும் வாசனை. கொல்லனோடு பேசிக்கொண்டிருந்ததை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

"சொ... சொல்லிட்டு..."

திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிவந்து, கையை ஆட்டி, "சொல்லிட்டுப் போ!" என்கிறார். என் மேல் அப்படி ஒரு கோபம். பால் போனால் போகிறது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த ராஜ்யம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அவர் திக்கித் திக்கிச் சொல்வதை நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். சத்திரக்காரி, படகுக்காரன், பல் போன ஒரு மந்திரவாதி என்று பேச்சு வளர்ந்தது. பயிற்சிப் பெண்ணும் அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, "இன்னைக்கு மந்திரவாதி என்ன சொன்னார் சார்?" என்று ஆரம்பித்தாள். அந்த விளையாட்டை யார் செய்தார்களோ, விற்காமல் எவ்வளவு நொந்துபோனார்களோ, எங்கிருந்தாலும் அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

போன வாரம் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கதவுச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"போ... போயிட்டு வரேன்."

கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. எனக்கா பேச்சு வராது? அன்றைக்கு வரவில்லை. அவரும் நகரவில்லை. நான் பதில் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார்.