வலது காதில் பனிக்கரடி

சலவைக்கூடத்தில் அவளைக் குள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் அந்த நீளக் கூடத்தில் பதின்மூன்று வருஷமாக ரோலர் அவளுக்கும் கூட வேலை செய்யும் நெட்டைக்கும் சொந்தம். உள்ளே நீராவி கொதிக்கிற இரும்பு உருளை அது. ஈர விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை நெட்டை பிடிப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். நெட்டைக்கு அள்ளிக் கொடுத்த உயரத்தில் ஒரு பிடியைக்கூட கடவுள் இவளுக்குத் தரவில்லை என்பதால் குள்ளி ஒரு பலகை மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வாள்.

பொறாமை அவளுக்குப் பிறவியிலேயே உண்டு, சிலருக்குத் தும்மல் மாதிரி. தங்கைக்கு முதலில் வரன் வந்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வரன் தட்டிப்போய்த் தனக்கே முதலில் கல்யாணம் ஆனதும், தங்கை மட்டும் பிறந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று அதற்கும் வயிறெரிந்தது. பஸ் ஓட்டும் புருஷன் கேலி செய்வான்: "பக்கத்து வீட்டம்மாவுக்குத் தலைவலின்னா, நமக்கு ஏன் வரலைன்னு கேப்பா இவ." அவளும் கூடச் சிரிப்பாள். வாய்விட்டுச் சொல்லிவிட்ட பொறாமை அவளை அவ்வளவாகப் படுத்தியதில்லை.

புத்தகம் கேட்கிற பழக்கம் நெட்டையிடமிருந்து வந்தது. நூலகத்தின் ஒலிப்புத்தகங்களை நெட்டையின் மகள் அம்மாவின் போனில் போட்டுத் தந்திருந்தாள். போன் ரிப்பேர் செய்கிற மருமகன் ஒரு இயர்போனின் இரண்டு கிளைகளையும் அறுத்து, வயர் ஒட்டி, ஆளுக்கு ஒரு காதில் மாட்டும் அளவுக்கு நீட்டிக் கொடுத்தான். குள்ளிக்கு வலது காது புத்தகத்துக்கு, இடது காது சூப்பர்வைசருக்கு. கதை, வரலாறு என்று எது எதையோ கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் குளிர்ப்பிரதேசத்து மிருகங்களில் வந்து நின்றார்கள். ரோலரின் அனலில் முகம் வேகும்போது காதுக்குள் யாரோ ஐஸ் உடைந்து கடலில் விழுவதைச் சொன்னால் எப்படி இருக்கும்? துருவ நரி, கடல்சிங்கம், கஸ்தூரி எருது எல்லாம் முடித்துப் பனிக்கரடிக்கு வந்திருந்தார்கள்.

அந்தப் புத்தகம் ஒரே ஒரு தாய்க்கரடியின் பின்னாலேயே போனது. மாசக்கணக்கில் பட்டினி கிடந்து, பனிக்குழிக்குள் இரண்டு குட்டி போட்டு, வெயில் வந்ததும் அவற்றை வெளியே கூட்டி வருகிறது. ஒரு குட்டி கொழுகொழு. இன்னொன்று சின்னது, எப்போதும் பத்தடி பின்னால்.

"அது நீதாண்டி. பலகை இல்லாம வந்திருக்கு, பாவம்" என்றாள் நெட்டை.

"அப்ப அம்மாக்கரடி யாரு, நீங்களாக்கா?"

"பட்டினி கிடக்கச் சொல்றியா என்னை? போடி."

ஐந்தாவது அத்தியாயம் முடிந்த மறுநாள் குள்ளியின் மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. ஒரு மாசத்துக்கு விரிப்பு இழுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அவளைச் சுவரோரம் இருந்த சட்டை பிரஸ்ஸுக்கு மாற்றினார். காலால் மிதித்தால் மேல்தட்டு இறங்கி நர்ஸ் சட்டைகளை அழுத்தும் மிஷின். ஒற்றை ஆள் வேலை. ரோலருக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வந்தாள். எல்லோருக்கும் அவள் புதுசு. நல்ல உயரம். முதல் வேலையாகப் பலகையைக் காலால் நகர்த்தி ஓரமாகத் தள்ளினாள்.

இரண்டாம் நாளே குள்ளி பார்த்துவிட்டாள். நெட்டையின் காதிலிருந்து இறங்கிய வயர் புதுசின் காதுக்கு ஏறியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் உள்ளே போனது. அதுவாவது கோணியிருக்கலாம்.

நெட்டை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பழையபடி பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். கை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டாள். "இருக்கு" என்பாள் குள்ளி. 'கரடி என்ன ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த ஒரு பொறாமையை மட்டும் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. காது வயருக்காகவா என்று அவன் சிரித்துவிட்டால் அவளால் கூடச் சிரித்திருக்க முடியாது.

பெரிய மகனிடம் சொல்லி அதே புத்தகத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. காலையில் பஸ்ஸில், சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது என்று ஆறாவது அத்தியாயத்தை முடித்தாள். இரண்டு காதிலும் கேட்டதில் குரல் மண்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. ஏழாவதில் தாய்க்கரடி உருகிய பனிக்கு நடுவில் தண்ணீரைக் கடந்தது. கொழுத்த குட்டி மறுகரை ஏறிவிட்டது. சின்னதும் ஏறியது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. தாய் திரும்பி வந்து நக்கியது, மூக்கால் தள்ளியது, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்து நடந்தது. குள்ளி சோப்புக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "ஐயோ" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் புதுசும் வந்து நெட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "அக்கா, நாளைக்காவது அந்தக் குட்டி வெளிய வந்துடுமா?" என்று ஆசையாகக் கேட்டாள். நெட்டை, "பொறு, பாப்போம்" என்று சிரித்தாள். குள்ளிக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

"எங்க பாக்கறது? அந்தச் சின்னது செத்துப்போச்சு" என்றாள், சாப்பாட்டைப் பிசைந்தபடி. "ஏழாவது அத்தியாயம். தண்ணி தாண்டி வந்ததும் படுத்துடுச்சு. அம்மாக்காரி விட்டுட்டுப் போயிட்டா."

புதுசு விழித்தாள். "எந்தச் சின்னதுக்கா? நாங்க பென்குயின்ல இருக்கோம். முட்டையே இன்னும் பொரியல. ரெண்டு மாசமா அப்பன் அதைக் காலு மேல வச்சுக்கிட்டு நிக்கறான்."

நெட்டை கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"கரடிய நான் அஞ்சோட நிறுத்தி வச்சிருந்தேன்" என்றாள். "உன் கை ஆறட்டும்னு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

அடுத்த எட்டு நாள் கை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குள்ளி சட்டைகளை மிதித்தாள். ஒரு காலரில் பொத்தான் நசுங்கித் திட்டு வாங்கினாள். புதுசு மேல் இருந்த எரிச்சலுக்கு இப்போது பிடிமானமே இல்லை. இருந்தும் அது போகவில்லை. பென்குயின்தான் அவளுக்கு எதற்கு, சமையல், தையல் என்று வேறு எதையாவது கேட்டால் ஆகாதா என்று மனசு ஓடியது.

மாசம் முடிந்து மணிக்கட்டு சரியானதும் சூப்பர்வைசர் அவளை ரோலருக்குத் திருப்பி அனுப்பி, புதுசை உருளைக்கு மறுபக்கம் மடிக்கும் வேலைக்கு மாற்றினார். குள்ளி பலகையைத் தேடி எடுத்துப் போட்டு ஏறி நின்றாள். முதல் விரிப்பு கோணியது. இரண்டாவதும் கோணியது.

"எனக்கு உங்க மேல கோவம் இல்லக்கா. அவளப் பாத்துத்தான் வயிறெரிஞ்சுது" என்றாள் குள்ளி, முனையை நீவியபடி.

"தெரியும். பதிமூணு வருஷமா உன் வயிறு எனக்குத் தெரியாதா? எரியட்டும். அதுக்காகக் குட்டியச் சாகடிக்கணுமா?"

"நானா சாகடிச்சேன்? புத்தகத்துல செத்துச்சு."

"எனக்கு நீதான் சாகடிச்ச."

மூன்றாவது விரிப்பு நேராகப் போனது. குள்ளி சொன்னாள், "ஏழுக்கு மேல எனக்கும் தெரியாது. அந்தக் குண்டுக்குட்டி என்ன ஆகுதோ. தனியாக் கேக்கப் பிடிக்கல, நிறுத்திட்டேன்."

நெட்டை அடுத்த விரிப்பை உதறினாள். "ஆறு?"

"ஆறு ஏழு ரெண்டும் கேட்டுட்டேன்."

"அப்ப ரெண்டையும் வாயாலயே சொல்லு. அந்தக் குட்டி சாகறத அந்த ஆளு குரல்ல என்னால கேக்க முடியாது. நாளைக்கு எட்டுல இருந்து வயர மாட்டிக்கலாம்."

குள்ளி ஆரம்பித்தாள். தாய்க்கரடி மோப்பம் பிடித்தது, காற்று திசை மாறியது, சின்னது நின்று நின்று வந்தது. பாதியில் நிமிர்ந்து பார்த்தால், உருளைக்கு அந்தப் பக்கம் புதுசு மடிப்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். குள்ளி குரலைத் தணித்தாள். அவளுக்கு எட்டாத அளவுக்கு இன்னும் தணித்தாள்.

"என்னடி முணுமுணுக்கற? எனக்கே கேக்கல" என்றாள் நெட்டை.

அந்தப் பக்கத்திலிருந்து புதுசும், "ஆமாக்கா, தண்ணிக்கிட்ட வந்ததுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

குள்ளி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீரின் கரையிலிருந்து மறுபடி, உருளையின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சொல்லத் தொடங்கினாள்.