புட்டு என்றால் இடப்பக்கம்

நிர்மலனைத் துரோகி என்று சொன்னவன் நான். அவன் துரோகி அல்லன் என்பது அந்தச் சொல்லை வாயில் எடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்... இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நான்தான் ஏமாற்றப்பட்டவன் என்று நம்புகிறார்கள்.

இங்கே ஒரு பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான் பயிற்சியாளன். முன்பு அதே அணியில் விளையாடினேன். முழங்கால் போனதும் கோட்டுக்கு வெளியே வந்தேன். பகலில் சின்யோராக்கள் எனப்படும் இத்தாலிய அம்மாமாரின் வீடுகளில் துப்புரவு வேலை, பின்னேரம் மைதானம். "காலாலை அடிக்காத பந்துக்கு ஒரு கோச்சோ?" என்று நம்மவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

நிர்மலன் எங்கள் பந்து எறிபவன். களத்தில் ஆட்டத்தை நடத்துபவன். அணியில் தமிழர் நாங்கள் இருவர்தாம். ஒவ்வொரு நகர்வையும் சங்கேதச் சொல்லால் கூப்பிட வேண்டும். நான் எங்கள் சாப்பாட்டின் பெயர்களை வைத்தேன். புட்டு என்றால் இடப்பக்க ஓட்டம், சம்பல் என்றால் வலப்பக்கம், வடை என்றால் நீள எறி. சிசிலிப் பெடியன்கள் சிரித்துச் சிரித்துப் பாடமாக்கினார்கள். எதிரணிகளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வென்றுகொண்டே போனோம். அடுத்த பருவம் நிர்மலனை உதவிப் பயிற்சியாளனாக்குவதாக வாக்கும் கொடுத்திருந்தேன்.

சிசிலியின் மறுகரை நகரமான கத்தானியாவின் அணியுடன் இறுதி ஆட்டம். அதற்கு முந்திய கிழமை அந்த ஊரில் எங்கள் ஆட்களின் கல்யாணம் ஒன்று. பந்தியில் யாரோ என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் வடையை ஒரு பக்கமும் அப்பளத்தை மறுபக்கமும் நகர்த்தி, எல்லா இரகசியத்தையும் அவிழ்த்துவிட்டேன். "வெள்ளைக்காரனுக்கு ஏழு சென்மத்துக்கும் விளங்காது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற இளைஞனும் சிரித்தான்.

ஆட்டத்தில் நிர்மலன் "புட்டு" என்றதும் அவர்கள் இடப்பக்கம் குவிந்தார்கள். "வடை" என்றதும் பின்னால் ஓடினார்கள். இடைவேளையில் அவர்களில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். அந்தச் சாம்பார் வாளி இளைஞன்...

அப்போதே சொற்களை மாற்றியிருக்கலாம். மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். மாற்றவில்லை.

தோற்ற பிறகு அணி முழுவதும் என்னையே பார்த்தது. என் விரல் நிர்மலனை நோக்கி நீண்டது. அவனுடைய அக்காவைக் கத்தானியாவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"உன்ரை அக்கா வீட்டிலை கதைச்சனிதானே? துரோகி" என்றேன்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். அதை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு நடந்தான்.

ஏன் அப்படிச் செய்தேன்? பதவி போய்விடும் என்ற பயமா? மேசையில் வாயடித்த மடையன் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கமா? இரண்டும்தான்... நல்ல காரணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

சில வாரங்கள் கழித்து, பலேர்மோவின் சீசா பகுதியில் உள்ள என் வீட்டுக்கு அவன் வந்தான். உண்மை தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நம்புவீர்களா, எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"நீங்கள் சும்மா ஒருத்தனைச் சொல்லமாட்டியள் அண்ணை" என்றான். "யோசிச்சுப் பாத்தன். ஒருநாள் அத்தானுக்கு முன்னாலை இந்தச் சொல்லுகளைச் சொல்லிச் சிரிச்சனான். அவர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். கேட்டால் இல்லையாம். அக்கா அழுகிறா. இனி அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன். நீங்கள் என்னை மன்னிக்கவேணும்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தோளில் கை வைத்து, "சரி, விடு" என்றேன்.

இப்போது அவன் என் உதவிப் பயிற்சியாளன். சென்ற ஞாயிறு அக்காவின் மகளுக்குக் காதுகுத்து. போகவில்லை. காலையிலிருந்து என்னோடு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. கைபேசியைப் பார்த்தான், எடுக்கவில்லை.

"நம்பின ஆளே இப்பிடிச் செய்தால் என்ன அண்ணை செய்யிறது?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். கைபேசி ஒலித்து ஓயும்வரை நின்றோம். பிறகு மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தோம்.