குளியலறையில் வழுக்கியதற்கு வண்டிக்குத் தண்டனை

என் ஓரகத்தி விழுந்தது குளியலறையில். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் அவள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த மாதிரியே கதை அளப்பார்கள். சோப்புத் தண்ணீர், ஈரத் தரை, இடது கணுக்காலில் இரண்டு திருகாணி. அவ்வளவுதான் நடந்தது. வண்டி அந்த நேரத்தில் தன் பாட்டுக்கு மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் தண்டனை வண்டிக்குக் கிடைத்தது. குளியலறையை யாரும் பூட்டவில்லை.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. கீழே அவர்கள், மேலே நாங்கள். ஒரு தர்ம மருத்துவமனையில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலை அவளுக்கு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப் போடுவாள், மூத்திரக் குழாய் மாற்றுவாள், ஊசி போடுவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. பத்தொன்பது வருடம் அதே வண்டியில் போனாள். பெண்கள் ஓட்டுவது என்று கடைக்காரர்கள் தள்ளிவிடும் குட்டி வண்டி இல்லை. கியர் போட்டு, கிக்கரை உதைத்துக் கிளப்புகிற முழு மோட்டார் சைக்கிள்.

அவள் கணவருக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'ஜாக்கிரதை'. தண்ணீர் குடிக்கப் போனாலும் ஜாக்கிரதை, பால்கனியில் துணி எடுக்கப் போனாலும் ஜாக்கிரதை. மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர் மூன்று மாதம் அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தார், தலை வாரிவிட்டார், பிறகு சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கால் சரியானதும் மருத்துவமனையில் அவளை டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாள் முழுக்கச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவர் வீட்டுப் புண்ணைப் பற்றி மணிக்கணக்கில் பேசி என்னைச் சாப்பிட விடாமல் செய்தவள் அவள்.

போன மாதம் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னாராம்: வீடு வீடாகப் போகும் நர்ஸ் இடத்தை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள். அவளுக்கு வேண்டுமென்றால் அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஓடுகிற நிலையில் உள்ள சொந்த வண்டியோடு வந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை டோக்கன் மேசைதான். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராக மாடிப்படிக்கு அடியில் போனாள், கத்தரிக்கோலை எடுத்தாள், வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். குப்பென்று ஒரு புளித்த வாடை. உள்ளே ஈரம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. செயின் முழுக்கத் துரு, இரண்டு டயரும் தரையோடு தரை.

ஜாக்கிரதை ஓடி வந்தார். அது செத்துப்போன வண்டி, வீணாக ஏன் கையைக் கெடுத்துக்கொள்கிறாய் என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். சாவி அந்தக் கைக்கு வர ஒரு நிமிடம் ஆனது. நான் மாடிப்படியில் நின்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தோம். வரிசையில் பதினாலு வண்டி நிற்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிட்டான். திரும்பி வரும் வழியில் அக்கா என்னைப் பார்த்தாள். நான் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவள். பதினோரு வருடமாக ஆயத்த ஆடைக் கம்பெனியில் நூற்று இருபது மெஷினுக்கு எண்ணெயும் ஊசியும் பெல்ட்டும் என் பொறுப்பு. ஆனால் தையல் மெஷின் வேறு, இது வேறு. இதில் ஏறி ஒரு ஆள் ரோட்டில் போக வேண்டும். அதைச் சொன்னேன்.

"நின்ன மெஷின ஓட வைக்கத் தெரியுமா தெரியாதா?" என்றாள்.

தெரியும் என்றேன். மாட்டிக்கொண்டேன்.

என் வழக்கம் ஒன்றுதான். நின்ற மெஷினை எடுத்ததும் ஓட்டக்கூடாது. முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கே இறுக்குகிறது என்று அதுவே சொல்லும். அப்படியே இங்கும் செய்தோம். அக்காவுக்குக் கிக்கரை உதைக்கக் கால் துறுதுறுத்தது. விடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டோம். மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினேன். இறங்கியது. உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. வடித்துக் கொட்டினோம். கார்ப்பரேட்டரை நான் மேலே என் மேசைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். பெட்ரோல் வரும் பொடித் துளை பிசின் பிடித்து அடைத்திருந்தது. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று பயந்து, ஊற வைத்து, ஊதி ஊதியே திறந்தேன். அக்கா கீழே உட்கார்ந்து செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவில் ஏறிய துருவை உப்புத்தாளால் உரசினாள். புண் கழுவுகிற அதே நிதானம். என் வீட்டுக்காரர் புது டியூப் இரண்டும் பேட்டரியும் வாங்கி வந்து, தன் பங்கு முடிந்தது என்று டிவி பார்க்கப் போய்விட்டார்.

புதன்கிழமை எஞ்சின் ஆயிலை வடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பாக வர வேண்டியது, பால் அதிகமான டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்திருந்தது. மழையில் நிற்காத வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

ஜாக்கிரதை அப்போதுதான் பெருமையாகச் சொன்னார். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் வண்டியைக் கிளப்பி, இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு அணைத்தாராம். வண்டி கெடாமல் இருக்கட்டும் என்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். எஞ்சின் அரைச் சூடாகி அணைந்தால் உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். வாரா வாரம் அந்தத் தண்ணீரைச் சேர்த்தவர் அவர்தான். போகவும் விடாமல் சும்மாவும் விடாமல் வைத்திருந்தார். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். மரியாதை எல்லாம் அப்போது பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞாயிறு மதியம் எல்லாம் மாட்டி முடித்தோம். புது ஆயில், புது பெட்ரோல், புது பிளக். பிளக்கில் நீலப் பொறி பளிச்சென்று வந்தது. அக்கா ஏறி உதைத்தாள். ஒரு முக்கல், அவ்வளவுதான். மறுபடி உதைத்தாள். இருபது, முப்பது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, பிறகு என்ன கேடு? எனக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒன்பது மணி என் கண் முன்னால் நின்றது. இவளை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டோமே என்றிருந்தது.

எஞ்சின் உள்ளே இழுத்த காற்று வெளியே போக வழி இருக்கிறதா என்று அப்போதுதான் தோன்றியது. சைலன்சர் வாயில் விரலை விட்டேன். துணி தட்டியது. குறடு போட்டு இழுத்தேன். முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. கரி படிந்த வெள்ளைத் துணி. உதறியபோது கைப்பட்டை தெரிந்தது. அதில் பச்சை நூல் தையல். வெள்ளை நூல் தீர்ந்த ஒரு நாள் அவசரத்துக்கு நான் போட்டது. அது அக்காவின் வேலைக் கோட்டின் கை.

சலவையில் தொலைந்துவிட்டது என்று ஜாக்கிரதை சொல்லியிருந்த கோட்டு.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் படிக்கட்டில் நின்றார்.

"எலி பூந்துடும்னு அடைச்சேன்," என்றார். "வேற பழைய துணி இல்ல. நீ இனிமே இதப் போட மாட்டேன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கால்தாங்க ஒடஞ்சுது. நீங்க என்னையே மூட்டை கட்டி வச்சுட்டீங்க," என்றாள். குரல் ஏறவே இல்லை. டோக்கன் நம்பர் சொல்கிற குரல்தான். "அன்பாத்தான் செஞ்சீங்க. தெரியும். இனிமே அந்த அன்பு எனக்கு வேணாம்."

நான் கேட்க வேண்டிய பேச்சு இல்லை. ஆனாலும் நகரவில்லை. யாராவது ஒருத்தர் சாட்சி இருக்கட்டும் என்று நின்றேன்.

அவள் எழுந்து ஒரே ஒரு முறை உதைத்தாள். வண்டி இருமியது, பின்னால் கறுப்பாகக் கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. மாடிப்படி அதிர்ந்தது. நான் கத்திய கத்தலில் என் வீட்டுக்காரர் டிவியை விட்டுவிட்டு ஓடி வந்தார். அன்று இருட்டும்வரை தெருவுக்குள்ளேயே கிளட்சும் பிரேக்கும் பார்த்து, கம்பியை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தோம்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பினாள். புதுக் கோட்டு இல்லை, வீட்டுச் சட்டைக்கு மேல் மருந்துப் பையை மாட்டியிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வேடிக்கைக்கு ஆள் கூடிவிட்டது. தெரு முனையில் யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அவள் திரும்பும்போது முன் சக்கரம் அந்த மணலில் ஏறியது. இடது காலை ஊன்றினாள். அந்தக் கால் ஒரு நொடி யோசித்தது. அதற்குள் வண்டியும் அவளும் சாய்ந்துவிட்டார்கள்.

தெரு மொத்தமும் ஐயோ என்றது. ஜாக்கிரதை ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை, ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. நானும் ஓடினேன். பத்தடி இருக்கும்போது அவள் மணலில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையைக் காட்டினாள். நின்றுவிட்டோம்.

முதலில் எஞ்சினை அணைத்தாள். முழங்கையைப் பார்த்தாள், சிராய்ப்பு. கணுக்காலை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தாள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்குவதற்குப் பத்தொன்பது வருடம் செய்த குந்தல் அது. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கு அடியிலும் பிடித்து, முதுகைக் கொடுத்து, காலால் எழுந்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இடது கால் நடுங்கியது. வண்டி அவளோடு சேர்ந்து எழுந்து நின்றது.

ஸ்டாண்டைப் போட்டாள். பையைத் திறந்து பஞ்சை எடுத்து முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள், மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்துட்டீங்கல்ல? விழுந்தேன். ரெண்டு வருஷமா எதுக்குப் பயந்தீங்களோ, அது நடந்து முடிஞ்சிருச்சு," என்றாள். "வழி விடுங்க."

அவர் ஓரத்துக்கு நகர்ந்தார். கூடவே நானும் நகர்ந்தேன். அவள் மூன்றாவது உதையில் கிளப்பி, மணலைச் சுற்றிக்கொண்டு, பெரிய ரோட்டில் ஏறிப் போனாள்.